ஸ்ரீதேவியின் டாப் 8: அடக்க விலையா, சந்தை விலையா?

தரவரிசை என்றாலே சண்டைதான். ரஜினியின் சிறந்த பத்து, இளையராஜாவின் சிறந்த ஐம்பது என்று யார் எதைப் போட்டாலும், "அதை எப்படி விட்டீங்க?" என்று நாலு பேர் கிளம்பி வருவார்கள். நடிகைகள் விஷயத்தில் அந்தச் சண்டைகூட ஒழுங்காக நடப்பதில்லை. ஹீரோவுக்குப் படங்களை வைத்து வரிசை போடுவார்கள். ஹீரோயினுக்குப் பாட்டுகளை வைத்து வரிசை போடுவார்கள். மழையில் ஆடியது, மஞ்சள் புடவையில் ஆடியது, பனியில் ஆடியது... அவ்வளவுதான், லிஸ்ட் முடிந்தது.

இதில் அதிகம் அடிபட்டவர் ஸ்ரீதேவி. சிவகாசிப் பக்கம் மீனம்பட்டியில் 13 ஆகஸ்ட் 1963-ல் பிறந்தவர். 1969-ல் 'துணைவன்' படத்தில் குழந்தை முருகனாக வந்தபோது ஆறு வயதுகூட முடியவில்லை. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என்று ஐந்து மொழிகளில் நடித்தவர். 24 பிப்ரவரி 2018-ல் துபாயில் இறந்தார். அதற்குப் பிறகு வந்த பட்டியல்களில் பாதிக்கு மேல் 1983-ல், 'ஹிம்மத்வாலா'வில்தான் தொடங்கின. அதற்கு முன்னால் அவர் என்ன, சும்மா இருந்தாரா?

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு விதி தெரியும். வருடக் கடைசியில் கடையில் மிச்சமிருக்கும் சரக்குக்கு மதிப்புப் போடும்போது, அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். இல்லாத லாபத்தைக் காட்டிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை. சினிமா ரசிகர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார்கள். எது கூடுதலோ அதை எழுதுவார்கள். அடக்க விலையைக் கண்டுகொள்வதே இல்லை :-)

கீழே இருக்கும் வரிசைக்கு இரண்டே கேள்விகள்தான் அளவுகோல். ஒன்று, ஸ்ரீதேவியை எடுத்துவிட்டு வேறொருவரை வைத்தால் படம் நிற்குமா? இரண்டு, அந்தப் பெண் கதையில் தானாக ஏதாவது முடிவெடுக்கிறாளா, இல்லை மற்றவர்கள் எடுக்கும் முடிவுக்கெல்லாம் அழுதுகொண்டிருக்கிறாளா? வசூல், விருது, டான்ஸ் எதற்கும் மார்க் கிடையாது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பது படம் வந்த வருடமும் அப்போது அவருடைய வயதும். அது ஏன் என்பது கடைசியில் தெரியும்.

8. மூன்று முடிச்சு (1976, வயது 13)

பாலசந்தர் படம். செல்வி காதலிப்பது கமலை. அவள் மேல் கண் வைத்திருக்கும் ரஜினி, படகிலிருந்து விழுந்து கமல் சாகும்போது காப்பாற்றாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு செல்வி போய்ச் சேரும் வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர், ரஜினியின் அப்பா. அவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ரஜினிக்குச் சித்தியாக வந்து நிற்கிறாள். பழிவாங்க இதைவிட அமைதியான வழி எந்தப் படத்திலும் வந்ததில்லை. கத்தியும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. "அம்மா என்று கூப்பிடு" என்ற நிலைமைதான் ஆயுதம்.

சித்தியாக நடித்தவருக்கு வயது 13, மகனாக நடித்தவருக்கு 25. திரையில் இது உறுத்தவே உறுத்தாது என்பதுதான் ஆச்சரியம். யோசித்துப் பார்த்தால் உறுத்தும் என்பது வேறு விஷயம்.

7. சால்பாஸ் (1989, வயது 26)

அடி வாங்கும் அஞ்சு, அடி கொடுக்கும் மஞ்சு என்று இரட்டைப் பிறவிகள். புதுக் கதை ஒன்றும் இல்லை. ஹேமமாலினி நடித்த 'சீதா அவுர் கீதா', நம்ம ஊரில் வாணிஸ்ரீ நடித்த 'வாணி ராணி', எல்லாம் இதே குடும்பம்தான். ஆனால் கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. இரண்டு பேருக்கும் ஒரே முகம் என்பதே சில நேரம் மறந்துவிடுகிறது. அஞ்சு தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பாள், மஞ்சு கையை வீசிக்கொண்டு நடப்பாள். மேக்கப்பை விட இந்தத் தோளும் கையும்தான் வேலை செய்கின்றன.

இதில் இன்னொரு வேடிக்கை. சன்னி தியோல் ஒரு ஹீரோ, ரஜினிகாந்த் இன்னொரு ஹீரோ. இருந்தும் படம் முழுக்க ஸ்ரீதேவியுடையது. தமிழில் அந்த நேரத்தில் ரஜினியைப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு ஒரு ஹீரோயின் படத்தைத் தூக்கிக்கொண்டு போவது நினைத்தே பார்க்க முடியாத காரியம். ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

6. க்ஷண க்ஷணம் (1991, வயது 28)

'சிவா' எடுத்த ராம் கோபால் வர்மாவின் தெலுங்குப் படம். ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு சாதாரணப் பெண் கையில், வங்கிக் கொள்ளைப் பணத்துக்கான துப்பு ஒன்று சிக்கிவிடுகிறது. ரவுடிகள் துரத்த, வெங்கடேஷோடு காடு மேடெல்லாம் ஓட்டம். அப்போது ஸ்ரீதேவி இந்தியாவின் பெரிய ஹீரோயின். அப்படிப்பட்டவர், பயந்தாங்கொள்ளியாக, சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே, எதையும் தப்பும் தவறுமாகச் செய்யும் பெண்ணாக வருகிறார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலையே இல்லை. பெரிய ஸ்டார்கள் யாரும் லேசில் செய்யாத காரியம் இது. ஆந்திர அரசின் நந்தி விருது இதற்குத்தான்.

ஆறாவது இடம் ஏன்? கதை அவளை ஓட வைக்கிறதே தவிர, அவள் கதையை ஓட வைப்பதில்லை. இரண்டாவது கேள்வியில் மார்க் போய்விட்டது.

5. மீண்டும் கோகிலா (1981, வயது 17)

வக்கீல் புருஷன், ஆசாரமான வீடு, அடக்கமான மனைவி. புருஷன் ஒரு சினிமா நடிகை பின்னால் அலைய ஆரம்பிக்கிறார். கதை என்று பார்த்தால் கண்ணீர்ப் படம்தான். ஜி.என்.ரங்கராஜன் அதைச் சிரிப்புப் படமாக எடுத்திருக்கிறார். கமல் செய்யும் கோணங்கித்தனம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஸ்ரீதேவி செய்வது அவ்வளவு சீக்கிரம் தெரியாது. பெண் பார்க்கும் காட்சியில் பாடச் சொல்வார்கள். கூச்சம், பயம், மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, மூன்றும் ஒரே பாட்டுக்குள் வந்துபோகும். பெண் பார்க்கும் காட்சி தமிழ்ப் படத்தில் எத்தனையோ வந்திருக்கிறது. பெண் யாரைப் பார்க்கிறாள் என்று கேமரா கவனித்தது இதில்தான் என்று தோன்றும்.

தமிழில் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது வாங்கிக்கொடுத்த படம்.

4. ஜானி (1980, வயது 17)

மகேந்திரன். இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். 'ஜானி' என்றால் எல்லோரும் இரட்டை வேட ரஜினியையும் இளையராஜாவையும் பேசுவார்கள். அர்ச்சனாவை விட்டுவிடுவார்கள். அவள் பெயரும் புகழும் உள்ள பாடகி. தனியாக இருப்பவள். தன் காதலைத் தானே வாய்விட்டுச் சொல்கிறாள். ஜானி தயங்குகிறான். அவன் ஒரு திருடன், அந்தக் குற்ற உணர்ச்சியில் தயங்குகிறான். அவளோ தன்னைப் பற்றி மட்டமாக நினைத்துத்தான் தயங்குகிறான் என்று எடுத்துக்கொள்கிறாள். மேடையில் பாடும் பெண்ணை உலகம் எப்படிப் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியும் அல்லவா?

அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படம் இந்த இடத்தில் இருக்கிறது. சத்தம் இல்லை, பின்னணியில் வயலின்கள் கதறவில்லை. காதலைச் சொல்வதும், அது மறுக்கப்பட்டது என்று நினைத்து அவமானப்படுவதும், அதை வெளியே காட்டாமல் இருக்கப் பார்ப்பதும் ஒரே முகத்தில். 17 வயதுப் பெண் வாழ்க்கையைப் பார்த்துக் களைத்த ஒருத்தியாக நம்ப வைத்திருக்கிறார்.

3. இங்கிலீஷ் விங்கிலீஷ் (2012, வயது 49)

1997-க்குப் பிறகு பெரிய திரையில் 15 வருட இடைவெளி. திரும்பி வந்த படம். கௌரி ஷிண்டேவின் முதல் படம். வீட்டில் லட்டு செய்து விற்கும் சசிக்கு இங்கிலீஷ் வராது. பெற்ற மகளே கேலி செய்கிறாள். நியூயார்க்கில் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஒரு காபி வாங்கத் தெரியாமல் கடையில் அவமானப்பட்டு வெளியே ஓடுகிறாள். யாருக்கும் சொல்லாமல் நான்கு வார வகுப்பில் சேருகிறாள்.

ஒரு பழைய விஷயம் தெரிந்தால் இந்தப் படம் வேறு மாதிரித் தெரியும். இந்தியில் ஸ்ரீதேவி நம்பர் ஒன்னாக இருந்த ஆரம்ப வருடங்களில் திரையில் கேட்டது அவர் குரலே இல்லை. நாஸ் என்ற நடிகை பல படங்களில் அவருக்குக் குரல் கொடுத்தார். 'ஆக்ரி ராஸ்தா'வில் (1986) ரேகா கொடுத்தார். அவர் சொந்தக் குரலில் பேசியது 1989-ல் வந்த 'சாந்தினி'யில்தான். ஒரு மொழி சரியாக வராததால் ஒரு பெண்ணை எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த சமாச்சாரம் கிடையாது. காபிக் கடைக் காட்சியில் நடுங்கும் அந்தக் குரலில் அதுவும் சேர்ந்திருக்கலாம்.

கடைசியில் விமானத்தில் அவர் நல்ல இங்கிலீஷில் கேட்பது ஒரு இந்திப் பத்திரிகையை. இங்கிலீஷ் வந்துவிட்டது, இனி அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

2. மூன்றாம் பிறை (1982, வயது 18)

இது முதல் இடத்தில் இல்லையா என்று கேட்டு அடிக்க வரும் கூட்டத்துக்கு ஒரு நிமிடம்! கேத்தி ரயில் நிலையம், மழை, சேறு, தலையில் பானை, குரங்கு மாதிரி குதிக்கும் கமல். தமிழ்நாட்டில் அழாதவர்கள் கிடையாது. அந்த வருடம் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கமலுக்கு, ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பாலு மகேந்திராவுக்கு. இரண்டுமே தகுதியானவை.

இனி அந்தக் காட்சியை, கமலைப் பார்க்காமல், ஜன்னலுக்குள் இருப்பவரைப் பார்த்துப் பாருங்கள். படம் முழுக்க குழந்தையாகவே இருந்தவள் அவள். நாய்க்குட்டியோடு விளையாடியவள், அடம் பிடித்தவள், சீனு 'விஜி' என்று கூப்பிட்டவள். இப்போது நினைவு திரும்பி மறுபடியும் பாக்கியலட்சுமியாகிவிட்டாள். விஜி என்ற பெயரே அவளுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே எவனோ ஒரு பைத்தியக்காரன். அந்த முகத்தில் ஒரு சின்னச் சந்தேகம், எங்கேயோ பார்த்த மாதிரி என்ற ஒரு நிழல் விழுந்திருந்தால்கூடப் போதும், நமக்கு ஆறுதல் கிடைத்திருக்கும். காட்சி கெட்டுப்போயிருக்கும். ஸ்ரீதேவி அந்த ஆறுதலைக் கடைசிவரை கொடுக்கவில்லை. கமல் அழ வைப்பது அவர் குதிப்பதால் மட்டும் இல்லை, ஸ்ரீதேவி முகம் அசையாததாலும்தான்.

அப்புறம் ஏன் இரண்டாவது இடம்? அதே இரண்டாவது கேள்விதான். விஜிக்குச் சொந்த முடிவு என்று எதுவும் கிடையாது. விபத்து அவளைக் குழந்தையாக்குகிறது, சீனு அவளைக் காப்பாற்றுகிறான், வைத்தியர் குணமாக்குகிறார், அப்பா அம்மா கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவளை யாரும் கேட்கவே இல்லை.

1. 16 வயதினிலே (1977, வயது 14)

சப்பாணி, பரட்டை என்று இந்தப் படத்தைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும் மயிலை மட்டும் ஏதோ அவர்கள் சண்டை போட வைத்த பரிசுப் பொருள் மாதிரிப் பேசுவார்கள். கதையைக் கொஞ்சம் திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம்.

ஒரு கிராமத்துப் பெண் பத்தாவது பாஸ் செய்கிறாள். டீச்சராக வேண்டும் என்று ஆசை. படித்த மாப்பிள்ளை வேண்டும் என்றும் ஆசை. பட்டணத்திலிருந்து வந்த மாட்டு டாக்டரை நம்புகிறாள். அவன் ஏமாற்றிவிட்டுப் போகிறான். ஊர் வாய் அவளைக் கிழிக்கிறது, அம்மா செத்துப்போகிறாள். எல்லாம் போன பிறகு, இத்தனை நாள் தான் மனுஷனாகவே மதிக்காத சப்பாணியைத் திரும்பிப் பார்க்கிறாள். அவனுக்கு ஒரு பெயர் உண்டு, கோபாலகிருஷ்ணன். அந்தப் பெயரில் கூப்பிடுகிறாள். யாராவது சப்பாணி என்றால் அறைந்துவிடு என்று சொல்லிக்கொடுக்கிறாள். அவன் தலையை நிமிர்த்துவது அவள் சொன்னதற்குப் பிறகுதான். கடைசியில் அவளைக் காப்பாற்றப் போய் அவன் ஜெயிலுக்குப் போகிறான். அவள் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள்.

படத்தில் மாறுகிற ஆள் யார்? பரட்டை கடைசிவரை பரட்டை. சப்பாணியை மாற்றியவள் மயில். மயிலை மாற்றியவர் யாருமில்லை, அவளேதான். கனவு காணும் பெண்ணாக ஆரம்பித்து, ஒரு மனிதனுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவளாக முடிகிறாள். அந்தப் பயணம் முழுவதும் ஸ்ரீதேவி முகத்தில் இருக்கிறது. முதல் பாதியில் அவள் நடையில் இருக்கும் மிதப்பு இரண்டாம் பாதியில் காணாமல் போவதைக் கவனியுங்கள்.

இதே பாத்திரத்தை அவர் தெலுங்கில் 'பதஹாரேள்ள வயசு' (1978), இந்தியில் 'சோல்வா சாவன்' (1979) என்று இன்னும் இரண்டு மொழிகளில் செய்தார். மூன்றிலும் ஹீரோ வேறு வேறு ஆள். மயில் மட்டும் மாறவில்லை. முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

விட்டுப்போனவை நிறைய. 'சிகப்பு ரோஜாக்கள்', 'வறுமையின் நிறம் சிவப்பு', 'மிஸ்டர் இந்தியா', 'லம்ஹே' ஒவ்வொன்றும் எட்டுக்குள் வரத் தகுதி உள்ளவைதான். இடம் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும் வயதுகளை மட்டும் ஒரு தடவை படியுங்கள். 13, 26, 28, 17, 17, 49, 18, 14. இன்றைய சட்டப்படி 18 நிறையாதவர் குழந்தை. எட்டுப் படங்களில் நான்கு, ஒரு குழந்தை நடித்தவை. 'மூன்றாம் பிறை' வந்தபோது 18 முடிந்து ஆறு மாதம். மற்ற பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கும் வயதில், பத்தாவது பாஸ் செய்த பெண்ணாக அவர் நடித்துக்கொண்டிருந்தார். ஊர் ஆம்பளைகள் வெறித்துப் பார்க்கும் பெண்ணாக, விதவையாகாத விதவையாக, ஒரு பெரிய மனிதருக்கு இரண்டாம் தாரமாக, மனைவியாக நடித்துக்கொண்டிருந்தார். "பிறவி நடிகை" என்று சொல்லி அதை எல்லோரும் கடந்துபோனார்கள். இன்றும் கடந்துபோகிறோம். அந்தச் சிறுமியிடம் இது உனக்கு வேண்டுமா என்று விஜியைக் கேட்காத மாதிரியே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்காக இந்தப் படங்களை ஒதுக்கிவிட வேண்டுமா? ஒதுக்கினால் அவர் உழைப்பைத்தான் இரண்டாவது தடவை இல்லை என்று சொன்னதாகும். பார்க்க வேண்டும், வரிசையும் போட வேண்டும். ஆனால் சரக்கின் அடக்க விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் கணக்கில் ஏற வேண்டும். 50 வருட உழைப்புக்குச் சிறந்த நடிகை என்ற தேசிய விருது ஒன்றே ஒன்றுதான் வந்தது, 'மாம்' (2017) படத்துக்காக. அது அறிவிக்கப்பட்டது ஏப்ரல் 2018-ல். அவர் இறந்து ஏறக்குறைய ஏழு வாரம் ஆகியிருந்தது.

இந்த வரிசையை யாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'மூன்றாம் பிறை'யை மேலே தூக்கிக்கொள்ளுங்கள், 'ஜானி'யை இன்னும் மேலே கொண்டுபோங்கள். சண்டை நடக்கட்டும். ஆனால் அடுத்த தடவை டிவியில் '16 வயதினிலே' போட்டால், பரட்டை வசனத்துக்குக் காத்திருக்காமல், மயிலை மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பாருங்கள். வேறொரு படம் பார்த்த மாதிரி இருக்கும்.